பொம்மை வானத்தோடு பன்னிரண்டு வருஷம்

வானிலைத் துறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வசவு என்பது சம்பளத்தோடு சேர்ந்தே வரும். ரயில்வே விசாரணைக் கவுண்டரிலோ, மின்வாரியப் புகார்ப் பிரிவிலோ உட்கார்ந்து காது புண்ணானவர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். ஆனால் உங்களுக்காவது ரயிலும் கரண்டும் நிஜம். நான் இல்லாத ஒரு வானத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் திட்டு வாங்கியவள்.

தொண்ணூற்று இரண்டில் கல்யாணமாகி கல்கத்தா வந்தேன். என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்காரர், கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. லேக் கார்டன்ஸில் மாடி வீடு. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஏரியைச் சுற்றி வாக்கிங் மட்டும் போய்க்கொண்டிருக்கப் பிடிக்காமல், ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வானிலைக் கணிப்பு என்பது இரண்டு அரைகுறைச் சாட்சிகளை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது. ஒரு சாட்சி கணினியின் ஊகம். நேற்றைய காற்றிலிருந்து இன்றைய காற்று இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இன்னொரு சாட்சி, கப்பலும் பலூனும் விமான நிலையமும் அனுப்புகிற அளவைகள். இரண்டிலும் தப்பு உண்டு. எதை எவ்வளவு நம்பிக் கலப்பது என்பதற்கு முறைகள் இருக்கின்றன. புதிதாக ஒரு கலவை முறை வந்தால் அதை நிஜ வானத்தில் சோதிக்க முடியாது, ஏனென்றால் நிஜ வானத்தில் உண்மை என்னவென்று முழுசாக யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் பொம்மை வானம். கணினிக்குள் ஒரு சதுரத் தட்டு, அதில் ஒரே ஒரு அடுக்குத் தண்ணீர். சுழலவிட்டால் அது காற்றைப் போலவே அலையடிக்கும், சுழி போடும். அதில் ‘உண்மை’யை நாமே உண்டாக்கி ஒளித்து வைத்துவிட்டு, அங்கங்கே சில அளவைகளை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையோடு எடுத்துக் கொடுப்போம். புது முறை ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்போம்.

நான் கேட்டது எப்போதும் ஒன்றே ஒன்றுதான். எந்தப் புது முறையும் நிஜக் கணிப்புக்குப் போவதற்கு முன்னால் என் பொம்மையில் தேறிவிட்டுப் போக வேண்டும். இதைக் கேட்டதற்கு என்னவெல்லாம் பதில் வந்தது என்று பாருங்கள்.

மாசிமாவின் வடகம்

கீழ் வீட்டில் ஒரு மாசிமா. கல்கத்தாவில் அம்மா வயசுப் பெண்கள் எல்லாருமே மாசிமாதான், நம் ஊர்ச் சித்தி மாதிரி. குளிர்காலம் தொடங்கினால் பருப்பை அரைத்து போரி போடுவார். நம் ஊர் வடகத்துக்குத் தங்கை முறை. மாடியில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாகக் கிள்ளி வைப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பார். ‘தெரியாது’ என்பேன். வானிலை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு தெரியாது என்கிறாளே, சொல்ல மனசில்லை போலிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவரை உட்காரவைத்து முழுக்க விளக்கினேன். நான் பார்ப்பது நிஜ வானம் இல்லை, அதில் மேகம் இல்லை, வெயில் இல்லை, மழை என்ற சமாச்சாரமே கிடையாது என்று என் அரைகுறை வங்காளத்தில் அரை மணி நேரம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் அவ்வளவு பரிவு. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

“மழையே இல்லாத வானம்னா, தெனமும் எதுக்கு மா குடை எடுத்துட்டுப் போறே?”

அஸ்ஸாமில் விட்டது

எங்கள் தலைவர் நியோகி சார். மோசமானவர் இல்லை. ஆனால் டெல்லியிலிருந்து குழு வருகிறது என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. சேர்ந்து இரண்டாம் வருஷம் முடியும்போது அப்படி ஒரு குழு வந்தது. என் பிரிவு தேவையா இல்லையா என்று அவர்கள் எழுதிவிட்டுப் போக வேண்டும். பிரிவு என்றால் நானும் ஒரு கணினியும்தான்.

பொம்மை வானத்துக்குச் சுவர் கிடையாது. தட்டின் கிழக்கு ஓரத்தில் வெளியே போகிற காற்று மேற்கு ஓரத்தில் உள்ளே வந்துவிடும். பூமி உருண்டையாக இருப்பதற்கு அது ஒரு சுலபமான மாற்று. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். இதை நான் சொல்லி முடித்ததும் குழுவில் மூத்தவர் பேனாவை மூடிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் மேற்கொண்டு இரண்டு வருஷ வேலையைக் காட்ட வைத்திருந்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை. டீ வந்துவிட்டது. அந்தப் பெரிய மனிதர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

“அஸ்ஸாம்ல விட்டது குஜராத்ல வந்து சேர்ந்துடுமா, மேடம்? நம்ம ரயில்வேயைவிட நல்லா இருக்கே.”

கடற்கரை வரைந்த கதை

குழு போன பிறகு நியோகி சார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். குறை என் வேலையில் இல்லையாம், படத்தில்தானாம். வெறும் சதுரத்துக்குள் கோடு கோடாக இருந்தால் யாருக்குப் பிடிக்கும்? மேலே வங்காள விரிகுடாவின் கடற்கரையை வரைந்துவிடு என்றார். பொம்மையில் கடல் ஏது, கரை ஏது, வடக்கு என்பதே பேச்சுக்குத்தானே என்று சொல்லிப் பார்த்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்றார். வேலை நிரந்தரமாகாத காலம். வரைந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்று வரை எனக்கு மன்னிப்பு இல்லை.

படம் வராந்தா பலகையில் தொங்கியது. வேறு வேலையாக எங்கள் நிலையத்துக்கு வந்த துறைமுகத்து ஆள் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கும் சாகர் தீவுக்கு நேர் மேலே அம்சமாக ஒரு சுழி. கீழே பொடி எழுத்தில் ‘சோதனைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்ததை யார் படிக்கப் போகிறார்கள்? அங்கிருந்தே துறைமுகத்துக்குப் போன் போட்டுவிட்டார். ஆற்றில் நின்ற கப்பல்களுக்கு அன்று இரட்டைக் கயிறு. கயிறு கட்டும் கூட்டத்துக்குத் தலைவர் ரஹ்மான் பாய், முப்பது வருஷம் ஹூக்ளி ஆற்றைப் பார்த்தவர், வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, யார் வீட்டுப் புயல் இது என்று திட்டிக்கொண்டே கட்டினாராம். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உன் தண்ணித்தட்டு இன்னைக்கு ரெண்டு கப்பலுக்குக் கூடுதல் கயிறு கட்ட வச்சிட்டுல்லா.”

பிழையே இல்லாத நாள்

இதில் தப்பு என்னுடையது. மறைக்க மாட்டேன். நியோகி சார் ஒரு புது கலவை முறையைத் தயார் செய்திருந்தார். அவருடைய சொந்தக் குழந்தை. அபூர்வமாக என் பொம்மையில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஓட்டினேன். பிழை பூஜ்யம். எத்தனை தசமம் போனாலும் பூஜ்யம். ஒளித்து வைத்த உண்மையை அது அச்சு அசலாகக் கண்டுபிடித்துவிட்டது. நியோகி சார் மாடி முழுக்க சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஒரு கருத்தரங்குக்காக டிரான்ஸ்பரன்சி தாளில் அந்த வரைபடத்தைத் தன் கையாலேயே வரைந்தார்.

சந்தேஷ் பாதி வாயில் இருக்கும்போது எனக்கு உறுத்தியது. இத்தனைக்கும் அளவைகளில் நானே பிழை கலந்துதானே கொடுத்திருக்கிறேன், பூஜ்யம் எப்படி வரும்? கோப்புகளைத் திறந்து பார்த்தால், கணிப்பைத் தொடங்க வேண்டிய இடத்தில், ஒளித்து வைத்திருக்க வேண்டிய உண்மையையே எடுத்து வைத்திருக்கிறேன். போதாததற்கு, அளவைகள் இருந்த கோப்பை முறையோடு இணைக்கவே இல்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரன் என்று மெச்சியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். உடனே போய்ச் சொன்னேன். சரிசெய்து ஓட்டியதில் முறை சுமாராகத்தான் தேறியது. அந்தச் சுமாரைப் பார்க்க யாரும் வரவில்லை. நியோகி சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கு முன்னால் பேசிய கடைசி வாக்கியம் இது.

“இவ்வளவு அழகா வந்ததைத் தோண்டிப் பார்த்து என்ன சாதிச்சே, கோமதி?”

பொம்மைக்கு மழை

இரண்டாயிரம் பிறந்த பிறகு என் பொம்மைக்கு மழை வைத்தேன். மாசிமாவின் குடை வாக்கு பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் ஒரு கோட்டைத் தாண்டினால் மேலும் ஏறும்படி தூண்டிவிடுவது, அடுத்த கோட்டைத் தாண்டினால் மழை என்று கணக்கில் எடுத்துக்கொள்வது. எளிமையானதுதான். ஆனால் நிஜ மழையைப் போலவே அதுவும் திடீரென்று வரும், சொல்லிக்கொண்டு வராது.

அந்த நேரத்தில்தான் நியோகி சாரின் முறை நிஜக் கணிப்புக்குப் போகத் தயாராக இருந்தது. கலவை முறைகளில் ஒரு வாசல்காரன் உண்டு. அளவை ஒன்று வந்தால் கணினியின் ஊகத்தோடு வைத்துப் பார்ப்பான். ரொம்ப விலகியிருந்தால் கருவிக் கோளாறு என்று வெளியே தள்ளிவிடுவான். வாசல்காரன் வேண்டும்தான். கப்பலில் ஒருத்தர் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் விரிகுடா நடுவில் இமயமலை முளைத்துவிடும். ஆனால் இந்த வாசல்காரன் மகா கெடுபிடி. என் மழை பொம்மையில் ஓட்டியபோது, எங்கே திடீரென்று மழை பிடித்ததோ சரியாக அந்த இடத்து அளவையைத்தான் வெளியே தள்ளினான். ஊகத்தில் அங்கே மழை இல்லை, அளவையில் இருக்கிறது, ஆகவே அளவை பொய். உண்மையை ஒளித்து வைத்தவள் நான். அளவைதான் சரி என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப ஓட்டினேன். திரும்பத் திரும்ப அதே கதை.

மூன்று பக்கத்துக்கு எழுதினேன். வாசலைக் கொஞ்சம் அகலமாக்குங்கள், இல்லாவிட்டால் இந்த முறை புயலைப் பார்த்தவனையே பொய்யன் என்று சொல்லிவிடும் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நியோகி சார் முதல் பக்கத்தைப் படித்தார். மூன்றையும் மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

“பொம்மைக்குச் சளி பிடிச்சா மனுஷனுக்கு மருந்து கொடுப்பாங்களா?”

தள்ளுபடிப் பட்டியல்

தபன்-தா எங்கள் நிலையத்தில் அளவைகளைப் பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், அதனால் பெயரோடு ‘தா’, அதாவது அண்ணன். வாசல்காரன் வெளியே தள்ளிய அளவைகள் தினமும் ஒரு பட்டியலாக அச்சாகும். பழைய முறையில் தபன்-தா அதைக் கண்ணால் பார்த்து, இது கோளாறு, இது நிஜம் என்று பிரித்து, நிஜத்தைத் திரும்ப உள்ளே விடுவார். எந்தக் கப்பல்காரர் சோம்பேறி, எவர் ஒழுங்கு என்று அவருக்கு மனப்பாடம். புது முறை வந்ததும், எந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். பட்டியல் மட்டும் வழக்கம்போல அச்சாகும். அவர் அதை வழக்கம்போலக் கோப்பில் கோர்ப்பார்.

ஒரு அக்டோபரில், துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த நாள். கணிப்பில் விரிகுடா அமைதியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கரையோரம் கடும் புயல். எச்சரிக்கை போகும்போது காற்று வந்து சேர்ந்தாயிற்று. மறுநாள் காலை தபன்-தா என் அறைக்கு வந்து முந்தின நாள் பட்டியலை மேஜையில் வைத்தார். நடுவில் ஒரு வரி. சாகருக்குத் தெற்கே ஒரு கப்பல். அழுத்தம் ஊகத்தைவிட எங்கேயோ கீழே, காற்று பயங்கரம். எதிரே ‘தள்ளுபடி’ என்று இருந்தது. நீங்கள் இதை நேற்றுக் காலையிலேயே பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். ஒழுங்கான கப்பல்தானாம், பத்து வருஷமாகத் தப்பே எழுதாதவர்களாம். பிறகு ஏன் சத்தம் போடவில்லை என்று நான்தான் சத்தம் போட்டேன். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாக்கத்தான் சொல்லியிருக்காங்க கோமதி, கேக்கச் சொல்லலை.”

கிடர்பூரில்

அந்தக் கப்பல் மூன்றாம் நாள் கிடர்பூர் வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் வேலையாக அதில் ஏறினார். அதற்குள் துறைமுகத்தில் நடந்ததை அவர் எனக்குச் சொல்லியிருந்தார். எச்சரிக்கை நேரத்துக்கு வராததால் ஆற்றில் நின்றவற்றுக்கு இரட்டைக் கயிறு கட்டவில்லை. காற்று அடித்த பிறகு அவசரம் அவசரமாகக் கட்டப் போயிருக்கிறார்கள். இழுபட்ட கயிற்றுக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவில் ரஹ்மான் பாயின் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல்கள் போய்விட்டன. பொம்மைப் புயலுக்கு இரட்டைக் கயிறு கட்டிய அதே கை.

நான் அன்று சமைக்கவில்லை. டிராயரில் கிடக்கிற மூன்று பக்கங்களை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று பக்கம், மூன்று விரல் என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும், டிராயரை நானே திறந்து எல்லார் மேஜையிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. பொம்மைக்காரிக்கு எதற்கு இவ்வளவு வாய் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். கடற்கரை வரைந்த அதே பயம்.

கப்பலில் அளவை எழுதுகிறவர் இரண்டாம் அதிகாரி, மலையாளி. தான் அனுப்பிய செய்தி என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரரிடம் கேட்டாராம். இவர் மறைக்கத் தெரியாதவர். கணினி நம்பவில்லையாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லையாம். நனைந்து காய்ந்து மொடமொடத்துப்போன குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாராம். அவர் சொன்னதை வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார்.

“நாங்க நனைஞ்சுகிட்டே எழுதினோம் சார். உங்காளுங்க காஞ்ச இடத்துல உக்காந்துகிட்டு நம்பலை.”

கடைசியில் வந்த கேள்வி

அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, என் மூன்று பக்கத்தின் பிரதியையும் சேர்த்து, இந்தத் தடவை நிலையத்தில் இருந்த எல்லார் மேஜையிலும் வைத்தேன். யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘அனுபவத்தின் அடிப்படையில்’ வாசல் அகலமாக்கப்பட்டதாம், தள்ளுபடிப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் தபன்-தாவுக்குத் திரும்பத் தரப்பட்டதாம். யாருடைய அனுபவம் என்று அதில் இல்லை. ரஹ்மான் பாய் பெயர் இல்லை. பொம்மை என்ற சொல் மருந்துக்குக்கூட இல்லை.

ஆனால் அடுத்த வருஷம் ஒரு நாள் நியோகி சார் தானாகவே என் அறைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. கையில் புதிதாக ஒரு கலவை முறை. வெளியே விடுவதற்கு முன்னால் இதை உன் மழை பொம்மையில் ஓட்டிப் பார்த்துவிடு, தேறாவிட்டால் விட வேண்டாம் என்றார். டிராயரிலிருந்து எடுத்த என் மூன்று பக்கங்களும் அந்தக் காகிதக் கட்டின் மேலே இருந்தன, ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு எழுதி. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ரஹ்மான் பாய்க்கு அது விரலைத் திருப்பித் தரப் போவதில்லை. இருந்தாலும் பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட ஒன்று கிடைத்துவிட்டது.

காகிதக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். ஷ்ராவண மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். நமக்கு ஆடி ஆகாது, அவர்களுக்கு அந்த மாதத்தில் முகூர்த்தம் உண்டு. மொட்டை மாடியில் பந்தல் போடுவதாக ஏற்பாடு. ஒரு அடுக்குத் தண்ணீர், கரை இல்லாத சதுரம், அஸ்ஸாமில் விட்டால் குஜராத்தில் வரும் காற்று, எல்லாம் தெரிந்த மனிதர், நான் எழுதிய காகிதங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்த மனிதர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்படியே அதுல பாத்துச் சொல்லு கோமதி, பதினேழாம் தேதி சாயங்காலம் மழை வருமா?”

பன்னிரண்டு வருஷம் போராடி என் பொம்மை வானத்தை நம்ப வைத்தேன் என்றால், நம்பின மறு நிமிஷமே அதனிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.